மண்டபத்தில் மட்டும் அப்பாவுக்குப் பேச்சு விளங்கவில்லை. ரிப்போர்ட்டில் ‘இயல்பு’ என்கிறார்கள்

#1 பள்ளிபாளையத்தான்

அப்பாவுக்கு வயது 67. விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து பேசினால் எந்தக் குறையும் தெரியாது. போனில்கூட நன்றாகப் பேசுகிறார். கல்யாண மண்டபம், டீக்கடை, உறவினர்கள் கூடிய கூடம் என்றால் மட்டும் ஆளே மாறிவிடுகிறார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். “மாப்பிள்ளைக்கு எந்த ஊர்?” என்று கேட்டால் “சாப்பிட்டாயிற்று” என்கிறார். சிரிக்கிறார்கள், அவரும் சேர்ந்து சிரிக்கிறார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுகிறார்.

காது மருத்துவரிடம் காட்டினோம். குறும்பியை எடுத்துவிட்டு, கேட்கும் அளவைக் காட்டும் ஆடியோகிராம் எடுத்தார்கள். “வயதுக்கு இது இயல்புதான், கவலை வேண்டாம்” என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் தீர்ப்பு வேறு: “தனக்கு வேண்டியது மட்டும் கேட்கும்.”

அமைதியில் கேட்கும் காது கூட்டத்தில் கேட்காமல் போகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 காவிரிக்கரை

கேட்கும், ஆனால் கவனம் இருக்காது. வயதானால் வரும் சலிப்பு இது. என் மாமாவும் அப்படித்தான். பணப் பேச்சு என்றால் அடுத்த அறையிலிருந்தே பதில் சொல்வார். காதுக்குச் செலவு செய்வதற்கு முன் இதையும் யோசியுங்கள், தம்பி.

#3 தேநீர்நேரம்

நல்ல காது மெஷினாக வாங்கி மாட்டிவிடுங்கள். விலை கூடக்கூடத் தெளிவும் கூடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

#4 மைசூர்ப்படிப்பு

நான் செவித்திறன் பரிசோதகர். மைசூரில் 1965இல் தொடங்கிய பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் படித்தவன். பள்ளிபாளையத்தாரே, ‘இயல்பு’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆடியோகிராம் தாளில் 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் (ஒலியின் அதிர்வெண்; கூடக்கூடக் கீச்சொலி) என்ற இடங்களுக்கு நேரே என்ன எண் இருக்கிறது? அந்த ஒலி கேட்கத் தொடங்க எத்தனை டெசிபெல் சத்தம் தேவைப்பட்டது என்பதே அந்த எண்; அது கூடினால் கேட்பது குறைவு. இரண்டு காதுக்கும் எழுதுங்கள்.

#5 பள்ளிபாளையத்தான்

வலது காது: 15, 20, 30, 60. இடதும் ஏறத்தாழ அதேதான், 4000இல் மட்டும் 65. கீழே ‘சராசரி 22’ என்று எழுதியிருக்கிறார்கள்.

#6 மைசூர்ப்படிப்பு

நினைத்தது சரிதான். அந்த 22 எப்படி வந்தது என்று பாருங்கள். 15, 20, 30 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்திருக்கிறார்கள். பல இடங்களில் இன்னும் இந்த மூன்று அதிர்வெண் சராசரிதான் வழக்கம். 25 டெசிபெல் வரை ‘இயல்பு’ என்பது பழைய கணக்கு. நான்காவதாக 4000 ஹெர்ட்ஸில் உள்ள 60ஐயும் சேர்த்தால் சராசரி 31 ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை இந்த நான்கையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அதன்படி 20க்குக் கீழே இருந்தால்தான் இயல்பு. 20 முதல் 35 வரை லேசான இழப்பு. அப்படிப்பட்டவருக்கு இரைச்சலில் உரையாடலைப் பின்தொடர்வது சிரமமாகலாம் என்று அதே அட்டவணையில் எழுதியும் இருக்கிறது. ஆக, உங்கள் அப்பாவின் புகார் அந்தத் தாளிலேயே இருக்கிறது. கடைசி எண்ணை யாரும் பார்க்கவில்லை.

4000இல் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், பேச்சின் சத்தம் ஓரிடத்திலும் பொருள் வேறிடத்திலும் இருக்கின்றன. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் வலு பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ‘யாரோ பேசுகிறார்கள்’ என்று காதுக்குத் தெரிவிப்பவை அவைதான். தப்பா தட்டா, பட்டா பத்தா என்று பிரித்துக் காட்டும் வல்லின வெடிப்புகளும் சகரத்தின் உரசலும் சத்தத்தில் மிக மெலிந்தவை. அவற்றின் அடையாளம் பெரும்பகுதி 2000க்கு மேலே. உங்கள் அப்பாவுக்கு முதல் பகுதி முழுதாகக் கிடைக்கிறது. இரண்டாவது பகுதி அரைகுறை. அமைதியான வீட்டில் பழகிய மகன் பழகிய பேச்சைப் பேசும்போது விட்டுப்போனதை மூளை ஊகித்து நிரப்பிவிடும். மண்டபத்தின் இரைச்சல் பெரும்பாலும் கனத்த, தாழ்ந்த ஒலி. அவருக்கு நன்றாகக் கேட்கும் பகுதியையும் அது மூடிவிட்டால் ஊகிக்க எதை வைத்து ஊகிப்பார்?

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. உட்காதின் நத்தைச் சுருளில் இரண்டு வகை உணர்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. உள்வரிசையில் சுமார் 3500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. மூளைக்குச் செய்தி அனுப்புவது உள்வரிசை. வெளிவரிசைக்கு இரண்டு வேலை: மெல்லிய ஒலியைப் பெருக்குவது, பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களைத் தனித்தனியாகப் பிரிப்பது. வயதாலும் தறிச் சத்தத்தாலும் முதலில் அடிபடுவது பெரும்பாலும் இந்த வெளிவரிசைதான். சல்லடையின் கண் கிழிந்து அகன்றால் அரிசியோடு கல்லும் சேர்ந்து விழுவது போல, பேச்சும் இரைச்சலும் ஒரே வழியாக உள்ளே போகும். பெருக்குவது போனால் கருவி ஈடு கொடுக்கும். பிரிப்பது போனால் வெளியிலிருந்து எதுவும் முழுதாக ஈடு கொடுக்காது.

டச்சு அறிவியலாளர் பிளோம்ப் 1978லேயே இந்த இரண்டையும் பிரித்து எழுதினார்: ஒன்று ஒலி குறைவது, இன்னொன்று ஒலி சிதைவது. நாம் இன்றும் முதலாவதை மட்டும் அளந்து ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

#7 காவிரிக்கரை

> பெருக்குவது போனால் கருவி ஈடு கொடுக்கும்.

அப்படியென்றால் சத்தமாகப் பேசினால் போதுமே. என் மாமாவிடம் மெதுவாகச் சொன்னால் “என்ன?” என்பார். கொஞ்சம் குரலை உயர்த்தினால் “எனக்கென்ன காது செவிடா, ஏன் கத்துகிறாய்?” என்று சண்டைக்கு வருவார். இதையும் செல்லின் கணக்கில் எழுதுவீர்களா? எனக்கு நடிப்பாகத்தான் தெரிகிறது.

#8 மைசூர்ப்படிப்பு

எழுதுவேன், ஐயா. உங்கள் மாமா நடிக்கவில்லை. வெளிவரிசைச் செல்கள் பெருக்கிக் கொடுப்பது மெல்லிய ஒலிகளைத்தான். பெரிய ஒலிக்கு அவற்றின் உதவி தேவையில்லை. அவை கெட்டுப்போனால் மெல்லியது காணாமல் போகும், பெரியது பழைய வலுவோடே வந்து விழும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் காது கூசும் அளவுக்கும் நடுவே உள்ள இடம் சுருங்கிவிடுகிறது. நீங்கள் குரலை உயர்த்தும்போது அந்தக் குறுகிய இடத்தை ஒரே தாவலில் கடந்துவிடுகிறீர்கள். கத்தும்போது ஏறுவதும் பெரும்பாலும் உயிரொலிதான். மெலிந்த மெய்யொலிகள் அதே அளவுக்கு ஏறுவதில்லை. வாயின் வடிவமும் கோணிப்போகும். குரலை உயர்த்துவதைவிட அருகில் போவது நல்லது. திறந்த வெளியில் தூரம் பாதியானாலே பேச்சு 6 டெசிபெல் கூடுகிறது. இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பணப் பேச்சு அடுத்த அறைக்கும் கேட்டது என்றீர்கள். அந்த நேரத்தில் வீடு அமைதியாக இருந்திருக்கும், பேச்சு எதைப் பற்றியது என்று அவருக்கு முன்பே தெரிந்தும் இருக்கும். தலைப்பு தெரிந்தால் பாதிச் சொல் போதும்.

#9 காவிரிக்கரை

மாமா நடிக்கவில்லை என்பதை வேண்டுமானால் ஏற்கிறேன். கவனத்துக்குப் பங்கே இல்லை என்பதை ஏற்க மாட்டேன்.

#10 மைசூர்ப்படிப்பு

இல்லை என்று நானும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு குரலை மட்டும் பற்றிக்கொள்வது கவனத்தின் வேலைதான். 1953இல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் இரண்டு காதுகளிலும் இரண்டு வெவ்வேறு பேச்சுகளைப் போட்டு, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார். அதை நன்றாகச் சொன்னவர்கள், மற்றக் காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. ஆனால் கவனம் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், காது முதலில் குரல்களைத் தனித்தனியாக்கிக் கொடுக்க வேண்டும். ஒட்டிப்போய் வந்ததைப் பிரிக்க மூளை கூடுதலாக உழைக்கிறது. மண்டபத்திலிருந்து வந்ததும் அவர் படுத்துவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். நாள் முழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கணக்குப் போட்ட களைப்பு.

#11 ஒற்றைச்செவி

சிறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததிலிருந்து எனக்கு இடது காது முற்றிலும் கிடையாது. வலது காது கச்சிதம். அமைதியில் யாருக்கும் தெரியாது. ஹோட்டலில் என் இடப்பக்கம் உட்கார்ந்தவர் எனக்கு இல்லாதவர் மாதிரிதான். வேறு மேசையில் சிரிப்பவரும் என் எதிரில் பேசுபவரும் ஒரே இடத்திலிருந்து வருவதாகவே கேட்கும்.

ஒலி இரண்டு காதையும் அடையும் நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மில்லிசெகண்டில் முக்கால் பங்குகூட இல்லை என்று எனக்குச் சொன்னார்கள். அந்தத் துளி வித்தியாசத்தையும், தலை மறைப்பதால் ஒரு காதில் ஒலி குறைவதையும் வைத்துத்தான் மற்றவர்கள் கூட்டத்தில் ஒருவரைத் தனியே பொறுக்கி எடுக்கிறீர்கள். நான் அதற்குப் பதிலாக நாற்காலியைப் பொறுக்கி எடுக்கிறேன். இடப்பக்கம் சுவர் வரும் மூலை நாற்காலிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பேன். கர்வம் பிடித்தவன் என்று பெயர். இருக்கட்டும்.

பள்ளிபாளையத்தாரே, கருவி வாங்குவதாக இருந்தால் “முதலில் ஒரு காதுக்குப் போட்டுப் பார்ப்போம்” என்று மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு காதும் குறைந்தவருக்கு ஒன்றில் மட்டும் மாட்டினால் கூட்டத்தில் என் நிலைமைக்கு அருகில்தான் வருவார்.

#12 பாவு_நூல்

நானும் தறிக்காரன்தான், குமாரபாளையம் பக்கம். எங்கள் கூடத்தில் யாரும் யாருடனும் பேசுவதில்லை. உதட்டையும் கையையும் பார்த்தே வேலை நடக்கும். நூல் அறுந்தது, பாவு முடிந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு சாடை உண்டு. இருபது வருடம் அப்படி இருந்தவர் மண்டபத்திலும் உதட்டைப் பார்த்துத்தான் சமாளிப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் தொலைந்தது. கொரோனா காலத்தில் எல்லாரும் முகக்கவசம் போட்டபோது எங்கள் ஆட்கள் பலருக்குக் காது திடீரென்று மோசமானதாகத் தோன்றியது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் இருந்தது. 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்று வரம்பும் இருந்தது. எங்கள் கூடத்தில் அதை யார் அளந்தார்கள்? மின்சாரத்தில் ஓடும் கூடமானால் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டமே பொருந்தியது. வீட்டோடு சேர்த்து நாலு தறி போட்டவனுக்குச் சட்டமும் இல்லை, காதடைப்பானும் இல்லை. பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வோம். அதனால் பெரிய பயன் இல்லை என்று இப்போது தெரிகிறது.

#13 மைசூர்ப்படிப்பு

பாவு_நூல் அண்ணா சொன்ன உதட்டு விஷயத்துக்குப் பழைய சான்று உண்டு. 1954இல் சம்பி, பொல்லாக் என்ற இருவர் சோதித்தார்கள். இரைச்சல் கூடக்கூட, பேசுபவரின் முகத்தைப் பார்ப்பதால் கிடைக்கும் லாபமும் கூடுகிறது. ப, ம இரண்டும் உதடு மூடுவதால் கண்ணுக்குத் தெரியும். த, க இரண்டும் வாய்க்குள் நடப்பவை. காதுக்கு முதலில் தப்பிப்போவது ஒலி உண்டாகும் இடம்தான். அதில் ஒரு பகுதியைக் கண் பிடித்துக் கொடுக்கிறது. கூட்டம் என்றால் அப்பா கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.

2000இல் 30, 4000இல் 60 என்ற இறக்கம் தறிக்காரர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. 8000இல் என்ன எண் என்று பாருங்கள். அங்கே மறுபடி கொஞ்சம் தேறியிருந்தால் சத்தத்தின் கைவரிசை. இன்னும் இறங்கியிருந்தால் வயதும் கூட்டுச் சேர்ந்திருக்கிறது.

#14 நள்ளிரவுநிரல்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு 29 வயது. ஆடியோகிராம் எல்லா இடத்திலும் 10, 15 தான். ஆனாலும் அலுவலக உணவுக்கூடத்தில் எதிரில் இருப்பவர் பேசுவது விளங்குவதில்லை. கல்லூரியில் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். எனக்கும் இதே நோயா?

#15 மைசூர்ப்படிப்பு

தம்பி, 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிகளில் கண்டது இது: பலத்த சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, ஆனால் உள்வரிசைச் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள இணைப்புகளில் சில இடங்களில் பாதி வரை திரும்பி வரவில்லை. ஆடியோகிராம் இதைக் காட்டாது. ‘மறைந்த செவித்திறன் இழப்பு’ என்ற பெயர் அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. மனிதர்களில் இதை உறுதியாக அளக்கும் பரிசோதனை இன்னும் இல்லை. ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எனவே உங்களுக்கு அதுதான் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். உணவுக்கூடத்தில் பேச்சு ஆங்கிலத்திலா? தாய்மொழி அல்லாத பேச்சு இரைச்சலில் எல்லாருக்குமே முன்னதாகக் கைவிட்டுப் போகும். டிரம்ஸ் வாசிக்கும்போது காதடைப்பான் போடுங்கள், அதற்கு நோய் நிச்சயமாக வேண்டியதில்லை.

#16 தேநீர்நேரம்

காது கேட்காவிட்டால் மறதி நோய் வரும் என்று செய்தி பார்த்தேன். தாமதிக்காமல் மெஷின் மாட்டுங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

#17 நெறியாளர்

கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விற்பனைக்கு இது இடமில்லை.

#18 மைசூர்ப்படிப்பு

தேநீர்நேரம் அவர்களே, தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் கருவி மாட்டினால் மறதி நிற்கும் என்று பயமுறுத்தி விற்பது வேறு. 2023இல் வந்த அமெரிக்க ஆய்வில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். மொத்தக் குழுவில் கருவியால் வேறுபாடு தெரியவில்லை. ஏற்கனவே ஆபத்துக் காரணிகள் கூடியிருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் சிந்தனைத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது. நல்ல செய்திதான், உத்தரவாதம் இல்லை. மண்டபத்தில் மனிதர்களோடு பேச முடிய வேண்டும் என்பதே கருவி வாங்கப் போதுமான காரணம்.

விலை பற்றி: கூட்டத்தில் உதவுவது முக்கியமாகத் திசை உணரும் மைக். முன்னால் வருவதை எடுத்து, பின்னாலிருந்து வருவதைக் குறைக்கும். சில டெசிபெல் லாபம் கிடைக்கும், அதுவும் இரைச்சல் முதுகுப்பக்கம் இருந்தால். நடுத்தர விலைக் கருவிகளிலும் இது இருக்கிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்கு அதே வேகத்தில் தெளிவு ஏறாது. பேசுபவர் சட்டையில் மாட்டும் தனி மைக் எந்த விலையுயர்ந்த கருவியையும் தோற்கடித்துவிடும். வாய்க்கு ஒரு சாண் தூரத்திலேயே பேச்சை எடுத்துக் காதுக்கு அனுப்புகிறது. ஆனால் ஒருவர் பேச்சுக்குத்தான் சரி. பத்துப் பேர் சேர்ந்து பேசும் இடத்தில் யார் சட்டையில் மாட்டுவது?

வாங்குவதற்கு முன் இரைச்சலோடு சேர்த்து ஒரு பேச்சுப் பரிசோதனை கேளுங்கள். ஆங்கிலத்தில் குவிக்சின் என்று ஒன்று உண்டு. நாலு பேர் பேசும் சலசலப்புக்கு மேல் வாக்கியங்கள் வரும்; பேச்சுக்கும் சலசலப்புக்கும் உள்ள வித்தியாசம் 25 டெசிபெலில் தொடங்கி 5, 5ஆகக் குறைந்து பூஜ்யத்துக்கு வரும். நல்ல காது உள்ளவருக்குப் பேச்சு 2 டெசிபெல் மேலே இருந்தாலே பாதிச் சொற்கள் கிடைத்துவிடும். சிலருக்கு 8, 10 தேவைப்படும். ஒரே ஆடியோகிராம் உள்ள இருவருக்கு இந்த எண் வேறுவேறாக வருவதுண்டு. தமிழ்ச் சொற்களையும் சலசலப்போடு ஒலிபெருக்கியில் போட்டுப் பார்க்கலாம், கேட்டால் செய்வார்கள்.

#19 வாழையிலை

நான் சமையல் ஒப்பந்தக்காரன், மண்டபங்களிலேயே வாழ்கிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பந்தியில் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து வரிசையாக உட்காருகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. கீழே டைல்ஸ், மேலே தகரம் அல்லது கான்கிரீட், ஒரு துணி திரைகூட இருக்காது. சத்தம் சுவரில் மோதி மோதித் திரும்பும். பெரியவரைப் பந்தியில் பேச வைக்காதீர்கள். நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் மேடைப் பக்கம். வாசலுக்கு வெளியே, வெற்றிலைப்பாக்குத் தட்டு வைத்திருக்கும் இடம்தான் மண்டபத்திலேயே அமைதியானது. உறவினர்களை அங்கே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவராக வருவார்கள், மரியாதையாகவும் இருக்கும்.

மெல்லிசைக் குழு வந்துவிட்டால் நல்ல காதுக்கும் ஒன்றும் கேட்காது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

#20 காவிரிக்கரை

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான்.

#21 பாவு_நூல்

அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா என்று யாரும் கேட்கவில்லையே. கிடைத்தால் கருவிக்கு உதவியாக இருக்கும்.

#22 மைசூர்ப்படிப்பு

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு அதிர்வெண்களில் இரண்டு காதிலும் 60 டெசிபெல் இழப்பாவது இருக்க வேண்டும். அதுவும் அமைதியான அறையில் அளந்த எண். இரைச்சலில் எவ்வளவு விளங்குகிறது என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. இவருக்குக் கிடைக்காது, அண்ணா.

#23 பள்ளிபாளையத்தான்

எல்லாருக்கும் நன்றி. 8000இல் 50 என்று இருக்கிறது, அதாவது கொஞ்சம் தேறியிருக்கிறது. வேறு இடத்தில் இரைச்சலோடு பரிசோதனை செய்தார்கள். பேச்சு 9 டெசிபெல் மேலே இருந்தால்தான் அப்பாவுக்குப் பாதி விளங்குகிறது. அம்மாவையும் அறைக்குள் உட்கார வைத்துக் கேட்கச் சொன்னார்கள். வெளியே வந்து, “அவருக்குக் கேட்காததை நானும் நம்பவில்லையே” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு காதுக்கும் நடுத்தர விலைக் கருவி சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பேரன் பேசுவது விளங்குகிறது என்கிறார். டீக்கடையில் பரவாயில்லை; மண்டபம் இன்னும் கஷ்டம்தான். புதுப் பிரச்சினை: பாத்திரம் கழுவும் சத்தமும் செய்தித்தாள் புரட்டும் சத்தமும் காதைக் கிழிக்கிறது என்று கழற்றிக் கழற்றி வைக்கிறார். என்ன செய்வது?

#24 மைசூர்ப்படிப்பு

பல வருடமாக அந்த உச்ச ஒலிகள் இல்லாமலே மூளை பழகியிருக்கிறது, ஓரிரு வாரம் முரண்டு பிடிக்கும். முதலில் அமைதியான இடத்தில் தினமும் சில மணி நேரம் போடட்டும், பிறகு கூட்டட்டும். பாத்திரச் சத்தத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பெரிய ஒலிக்குக் கருவி கொடுக்கும் உச்ச அளவைக் கணினியில் குறைத்துக் கொடுப்பார்கள், மெல்லிய ஒலிக்கான பெருக்கத்தைத் தொட வேண்டியதில்லை. “மொத்தமாகக் குறைத்துவிடுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். வல்லினமும் சேர்ந்து போய்விடும். சோதனைக் காலத்துக்குள் கட்டாயம் ஒரு மண்டபத்துக்கு அழைத்துப் போங்கள். எந்த இடத்தில் விளங்கவில்லை என்று குறித்துவைத்துக்கொண்டு திரும்பிப் போனால்தான் திசை மைக்கைச் சரிசெய்ய அவர்களுக்கு ஏதாவது கிடைக்கும்.

#25 வாழையிலை

வரும் முகூர்த்தத்தில் பவானியில் ஒரு கல்யாணம் பிடித்திருக்கிறேன். பெரியவரை அழைத்து வாருங்கள், இடம் நான் போட்டுத் தருகிறேன்.